சோப்புக் கம்பெனியின் கணக்கும் பத்தாவது கேள்வியும்

"மாமா, ஒரு கம்பெனியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 15 பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனியா இருக்கணுமாம். எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை."

சங்க அலுவலகத்துக்கு இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவள் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகள். தகப்பனார் 18 வருஷமாக ரிங் பிரேம் முன்னால் நிற்கிறவர். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இந்தப் பெண்தான். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் போனஸ் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து நாலு கணக்குகளைப் புரட்டியவன் என்ற பேர் எனக்கு உண்டு. அந்தப் பேரை நம்பித்தான் வந்திருக்கிறாள். கல்லூரியில் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது கேள்விகள் இருந்தன. கம்பெனி எப்போது தொடங்கியது, என்ன பொருள் செய்கிறது, போட்டிக் கம்பெனிகள் யார், விற்பனை எவ்வளவு, லாபம் எவ்வளவு, பங்கு விலை ஏறியதா இறங்கியதா என்று வரிசையாகப் போய், ஒன்பதாவதில் முடிந்தது: "இக்கம்பெனியில் நீங்கள் முதலீடு செய்வீர்களா? காரணம் தருக."

ஒன்பது கேள்விகளிலும் தொழிலாளி என்ற சொல் ஒரு இடத்திலாவது வருகிறதா என்று தேடினேன். இல்லை. பொருள் எப்படித்தான் உண்டாகிறதோ! கேள்வி தயாரித்த ஆசிரியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவரே கௌரவ விரிவுரையாளராம். மாதாமாதம் சம்பளம் வருமா வராதா என்று காத்திருப்பவராம். பாடப் புத்தகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் கேள்வியும் இருக்கும்.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"ஹிந்துஸ்தான் யூனிலீவர். நம்ம வீட்டில இருக்கிற சாமான் பூராவும் அவங்களோடதுதான் மாமா. லைப்பாய், ரின், சர்ப், கிளினிக் பிளஸ், ஹார்லிக்ஸ்."

தகப்பனார் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் முதலாளிமார் பார்க்கிற புஸ்தகம். நமக்கு எதுக்கு? மார்க்குக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

தோழர்களே, நம்மில் பலருக்கும் இதே எண்ணம்தான். இந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரு கம்பெனி தன் மூலதனத்தைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, அவற்றை ஊரார் யாரும் வாங்கலாம், விற்கலாம் என்று சந்தைக்குக் கொண்டுவருகிறது. ஊரார் பணத்தைத் தொட்ட பிறகு ஊராருக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டறிக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு, யார் கையில் எத்தனை பங்கு என்ற பட்டியல் எல்லாவற்றையும் பகிரங்கமாக வெளியிட்டாக வேண்டும். பங்கு வைத்திருப்பவன்தான் படிக்கலாம் என்று தடை கிடையாது. காசும் கிடையாது. செல்போன் வைத்திருக்கும் யாரும் இறக்கிப் படிக்கலாம். நம் பக்கத்து நூற்பாலைகளில் பல ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன, சந்தைக்கே வராதவை. அவற்றின் கணக்கைப் பார்க்க வேண்டுமானால், கம்பெனியாகப் பதிவானவையாக இருந்தால், பதிவாளரிடம் கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் இருக்கும் கம்பெனியோ தன் கணக்கைத் தானே திறந்து வைத்தாக வேண்டும். திறந்து வைத்ததை நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை.

பெண் 2023-24 ஆண்டறிக்கையில் வேண்டிய 40 பக்கங்களை மட்டும் கடையில் அச்செடுத்து வந்தாள். பக்கம் 2 ரூபாய். இரண்டு மாலை உட்கார்ந்தோம்.

இந்த மாதிரி அறிக்கைகளின் முன்பக்கங்களில் படங்கள் இருக்கும். சிரிக்கும் குழந்தை, பச்சை வயல், தலைவரின் செய்தி. அதையெல்லாம் தாண்டிப் பின்னால் போக வேண்டும். எழுத்து பொடியாகப் பொடியாக விஷயம் கனமாகும். இது என் அனுபவம்.

கம்பெனியின் கதை அவளுக்குச் சுலபமாகக் கிடைத்துவிட்டது. லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு 1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1933-ல் இங்கேயே கம்பெனி பதிவாயிற்று. 1956-ல் மூன்று கம்பெனிகள் ஒன்றாகி ஹிந்துஸ்தான் லீவர் ஆயின. 100-க்கு 10 பங்கை இந்தியருக்கு விற்றார்கள். 2007-ல் இப்போதைய பெயர். 2020-ல் ஹார்லிக்ஸ் வந்து சேர்ந்தது. இவ்வளவும் முதல் கேள்விக்கு விடை.

லாபக் கணக்குக்கு வந்தோம். கோடிகளாக எழுதினால் நமக்குப் புரியாது. ஆகவே கடையில் நாம் கொடுத்து, கம்பெனிக்குப் போய்ச் சேரும் 100 ரூபாய் என்று வைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த 100-ல் சரக்குச் செலவு ஏறக்குறையப் பாதி. விளம்பரத்துக்கு 10 ரூபாய்க்கு மேல். ஊழியருக்கான செலவு 5 ரூபாய்க்குள். வரியெல்லாம் கட்டியபின் நிற்கும் லாபம் 16 ரூபாய்க்கு மேல்.

"விளம்பரத்துக்கு 10, ஆளுக்கு 5-ஆ?" என்று வாசல்படியிலிருந்து குரல் வந்தது. தகப்பனார் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

அந்த 5 ரூபாயும் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு மட்டும் போவதல்ல. மானேஜிங் டைரக்டரின் சம்பளமும் அதற்குள்தான். இன்னொரு சூட்சுமமும் உண்டு. வெளிக் கம்பெனியில் செய்து வாங்கும் சரக்கு இருக்கிறதே, அதில் உழைத்தவனுடைய கூலி இந்த வரியில் வராது. அது கொள்முதல் என்ற வரிக்குள் போய் மறைந்துவிடும். கணக்கில் அவன் ஆள் அல்ல, சரக்கு.

சரி, லாபம் எங்கே போயிற்று? அந்த வருஷம் தனிக் கம்பெனியின் நிகர லாபம் 10,114 கோடி ரூபாய். ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு 42 ரூபாய் டிவிடெண்டு அறிவித்தார்கள். சுமார் 235 கோடி பங்குகள். பெண் பெருக்கிப் பார்த்தாள். 9,800 கோடிக்கு மேல் வந்தது. அதாவது 100 ரூபாய் லாபத்தில் 97 ரூபாய்க்கு மேல் பங்குதாரருக்கு. பங்குதாரர் யார்? பட்டியலைப் புரட்டினோம். 61.9 சதவீதம் லண்டனில் தலைமையகம் உள்ள யூனிலீவரின் கையில். ஆக, 100 ரூபாய் லாபத்தில் 60 ரூபாய் கப்பலேறுகிறது. மீதிப் பங்குகளில் எல்.ஐ.சி. கையிலும் கொஞ்சம் உண்டு. நாம் கட்டும் பிரீமியப் பணம்தான் அது. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா?

இது லாபத்தில் போவது. லாபம் என்று கணக்குப் போடும் முன்பே போவது வேறு இருக்கிறது. பெயருக்கும் தொழில் நுணுக்கத்துக்கும் மையச் சேவைக்கும் தாய்க் கம்பெனிக்குக் கட்டும் தொகை அது. விற்பனையில் 2.65 சதவீதமாக இருந்ததை மூன்று ஆண்டுகளில் படிப்படியாக 3.45 சதவீதமாக உயர்த்துவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். லாபத்தில் அல்ல, விற்பனையில்! லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இது போய்ச் சேர்ந்துவிடும். குத்தகைக்காரன் விளைந்தாலும் விளையாவிட்டாலும் நெல் அளந்த கதையை இந்த மாவட்டத்து விவசாயத் தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் தாயார் காப்பி கொண்டுவந்தார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுவிட்டு, "விலை அதேதான் போட்டிருக்கான், கட்டிதான் வரவரச் சின்னதாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். 2021-22-ல் பாமாயில் விலை ஏறியபோது சோப்பு, சோப்புத்தூள் கம்பெனிகள் கையாண்ட வழி அது. பத்திரிகைகளிலும் பகிரங்கமாக வந்தது. 5 ரூபாய், 10 ரூபாய் என்று விலையை வைத்துக்கொண்டு எடையைக் குறைத்தார்கள். எந்த அறிக்கையும் படிக்காமல் அந்த அம்மாள் கையில் தூக்கியே கண்டுபிடித்துவிட்டார்.

இனி முக்கியமான இடம். கேள்வித் தாளில் தொழிலாளி இல்லை. ஆனால் அறிக்கையில் இருக்கிறான். விரும்பிச் சேர்த்ததல்ல, சட்டம் சேர்க்க வைத்தது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 197-வது பிரிவுப்படி, சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் தன் டைரக்டர் ஒவ்வொருவரின் ஊதியமும் நடு ஊழியனின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று அச்சிட்டாக வேண்டும். நடு ஊழியன் என்றால் என்ன? எல்லோரையும் சம்பள வரிசையில் மில் கேட்டிலிருந்து நிற்க வைத்தால், சரியாக நடுவில் நிற்பவன். அவனுடைய சம்பளத்தைப் போல் டைரக்டருக்கு 50 மடங்கா, 100 மடங்கா, 200 மடங்கா என்று அவர்களே எழுதித் தர வேண்டும். அந்த வரிசையில் ஒப்பந்தத் தொழிலாளியை நிற்க வைத்தார்களா, வெளியே தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டார்களா என்று அடிக்குறிப்பையும் பார்க்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பொறுப்பு அறிக்கை என்று ஒன்றைத் தனியாக இணைக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போட்ட உத்தரவு. நிரந்தரத் தொழிலாளி எத்தனை, நிரந்தரமில்லாதவர் எத்தனை, பெண்கள் எத்தனை, குறைந்தபட்சக் கூலிக்கு மேல் பெறுபவர் எத்தனை, விபத்து எத்தனை, சாவு எத்தனை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். சங்கத்தில் உறுப்பினராக உள்ளவர் எத்தனை சதவீதம் என்றும் ஒரு கட்டம்.

"சங்கத்தில எத்தனை பேர்னு அவனே போட்டுக் கொடுக்கிறானா?" தகப்பனாருக்கு நம்பிக்கை வரவில்லை. பெண் கட்டத்தைக் காட்டினாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

எனக்கோ வேறொரு தலைப்பு தொண்டையில் முள்ளாகக் குத்தியது. "சம்பந்தப்பட்ட தரப்பினருடன் நடந்த கொடுக்கல் வாங்கல்" என்ற தலைப்பு. கம்பெனியை நடத்துபவர்கள் தங்கள் உறவுக் கம்பெனிகளிடம் என்ன வாங்கினார்கள், என்ன விற்றார்கள், எவ்வளவு வட்டி, எவ்வளவு கமிஷன் என்று சொல்லும் பகுதி. யூனிலீவருக்குப் போகும் தொகையை அந்தப் பகுதியில்தான் பிடித்தோம்.

2012 தீபாவளிக்கு முன்னால் ஒரு நூற்பாலையில் போனஸ் பேசப் போனோம். பேர் வேண்டாம். எதிரே மானேஜர். இரண்டு தாளை மேஜைமேல் தள்ளினார். "நஷ்டம். ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது. சட்டப்படி 8.33 சதவீதம் தருகிறோம், அதற்கு மேல் காலணா இல்லை." நாங்கள் ஐந்து பேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கூட்டுத்தொகையைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். 410 தொழிலாளருக்காக நான்தான் முதல் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து, அங்கே வேலையை விட்டு வந்த ஒரு குமாஸ்தா டீக்கடையில் சொன்னார்: பஞ்சு முழுவதும் முதலாளியின் மைத்துனர் வியாபாரத்திலிருந்து சந்தை விலைக்கு மேல் வாங்கப்பட்டது, முதலாளி வீட்டுப் பெண்கள் பேரில் இருந்த கடனுக்கு வட்டி போயிற்று, மிஞ்சியதுதான் நஷ்டம். எரிகிற வீட்டில் பிடுங்கியது அவர்கள். தீ வைத்ததும் அவர்களே.

அப்போது அமலில் இருந்த 1965-ம் ஆண்டுப் போனஸ் சட்டத்தின் 23-வது பிரிவு, தணிக்கையான கணக்கு சரியென்றே தாவா மன்றம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிற்று. ஆனால் எந்த இனத்துக்காவது விளக்கம் வேண்டுமென்று சங்கம் மன்றத்தைக் கேட்கலாம், மன்றம் கம்பெனிக்கு உத்தரவிடலாம் என்றும் அதே பிரிவு சொல்லிற்று. கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருக்கலாம். எந்த வரியைக் காட்டிக் கேட்பது என்று தெரியாமல் எதைக் கேட்பது? அந்தச் சட்டம் 2025 நவம்பரில் சம்பளத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 8.33 என்ற அடியும் 20 என்ற முடியும் அப்படியே நிற்கின்றன. அடிக்கும் முடிக்கும் நடுவில் எங்கே நிற்போம் என்பது கணக்கைப் படிக்கத் தெரிவதைப் பொறுத்தது. அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

(போனஸ் என்றதும் நினைவு வருகிறது. பங்குதாரருக்கும் போனஸ் உண்டு. போனஸ் பங்கு என்பார்கள். வைத்திருக்கும் பங்குக்கு இனாமாக இன்னொரு பங்கு. அதற்கு வாயிற்கூட்டம் இல்லை, தர்ணா இல்லை, லேபர் ஆபீஸ் இல்லை.)

பெண் புத்திசாலி. "அப்போ ஆடிட்டர் கையெழுத்துப் போட்டா உண்மைன்னு எழுதலாமா மாமா?" என்று கேட்டாள். சத்தியம் கம்ப்யூட்டர் கதையைச் சொன்னேன். ஹைதராபாத்தில் இருந்த கம்பெனி. சிறந்த நிர்வாகத்துக்கென்று 2008-ல் தங்க மயில் விருது வாங்கியது. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமாகவே கடிதம் எழுதினார்: புத்தகத்தில் ரொக்கமும் பாங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை! உலகப் பேர் பெற்ற தணிக்கையாளர்களின் கையெழுத்து வருஷா வருஷம் இருந்த கணக்கு அது. அதற்கு முந்திய மாதம் மேய்ட்டாஸ் என்ற தங்கள் குடும்பக் கம்பெனிகளைச் சத்தியத்தின் பணத்தில் வாங்கப் பார்த்தார்கள். மேய்ட்டாஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தலைகீழாகப் படித்தால் சத்தியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு, அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். 2015-ல் ராஜுவுக்கு 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்தது.

ஆகவே அறிக்கையைப் படி, அறிக்கைக்கு வெளியேயும் போ என்றேன். வெளியே என்றால் வெகுதூரம் வேண்டாம். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே கொடைக்கானல் இருக்கிறது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் ஓடிய பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். பாண்ட்ஸ் கம்பெனியோடு அது யூனிலீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் காயலான் கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்துக் கிளர்ச்சி செய்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-ல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே போயிற்று. அங்கே வேலை செய்தவர்கள் சிறுநீரகம் போயிற்று, நரம்பு போயிற்று என்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஏறினார்கள். நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்பதே கம்பெனியின் வாதம். கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொகை வெளியே சொல்லப்படவில்லை. மூடியது 2001, முடித்தது 2016. 15 வருஷம்!

கேள்வித் தாளில் இதற்கு இடம் எங்கே? "கம்பெனியின் வரலாறு" என்ற முதல் கேள்வியிலேயே இடம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். சன்லைட் சோப்பு வந்த வருஷம் வரலாறு என்றால், பாதரசம் போன வருஷமும் வரலாறுதானே? எழுதிவிட்டாள்.

ஒன்பதாவது கேள்விக்குத் தாயாரைக் கூப்பிட்டுக் கேட்டோம், முதலீடு செய்வீர்களா என்று. 2024 மார்ச் கடைசியில் ஒரு பங்கின் விலை 2,200 ரூபாய்க்கு மேல். அவருக்கு ஏழெட்டு நாள் நடவுக் கூலி. அதைக் கொடுத்து ஒரு பங்கு வாங்கினால் வருஷத்துக்கு 42 ரூபாய். "அதுக்கு இன்னொரு சோப்புதான் வாங்கலாம்" என்றார். யூனிலீவர் கையில் இருப்பது 145 கோடி பங்குகள்.

பிறகு பெண் தானாகவே பத்தாவது என்று எண் போட்டு ஒரு கேள்வி எழுதினாள்: "இக்கம்பெனியில் வேலை செய்பவர்கள் யார், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" அதற்கு மூன்றரைப் பக்கம் விடை. கட்டங்களையெல்லாம் வரைந்து, நிரந்தரம், நிரந்தரமில்லாதவர், சங்கம், விபத்து என்று நிரப்பி, டைரக்டரின் மடங்குக் கணக்கும் போட்டாள். எனக்கு இதில் ஒரு கவலை இருந்தது. கேட்காத கேள்விக்கு விடை எழுதினால் மார்க்கைக் குறைப்பார்களோ என்னவோ. அந்த வீட்டுக்கு மார்க் முக்கியம். வேண்டுமானால் அந்தப் பகுதியை எடுத்துவிடு பாப்பா என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். வெட்கத்தோடுதான் சொன்னேன். தகப்பனார்தான் கோபித்துக்கொண்டார். மார்க்குக்கு வேண்டியதை மட்டும் எழுது என்று முதல் நாள் சொன்ன அதே மனிதர், "அது இருக்கட்டும், எடுக்காதே" என்றார்.

தாளைக் கொடுத்தாயிற்று. மார்க் இன்னும் வரவில்லை.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்தில், சந்தையில் உள்ள ஒரு நூற்பாலைக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எல்லோரும் சேர்ந்து படிக்கப் போகிறோம். சொல்லிக் கொடுக்கப் பெண் வருகிறாள். ஆளுக்கொரு கால்குலேட்டர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். செல்போனில் இருப்பதே போதுமாம். முதல் வரிசையில் உட்காரப் போகிறவர் அவள் தகப்பனார். இரண்டாவது ஆள் நான்.